வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: கடைமடைக்கு எட்டாத ஆற்றல்

சென்ற இதழில், தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மெல்ல மடிந்துபோகும் மோட்டார் நியூரான் நோயைப் பற்றி ஒரே ஒரு கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்பான 'மைட்டோகாண்ட்ரியா' என்ற சொல் இருந்தது. பள்ளிப் பாடத்தோடு மறந்துபோன அந்தச் சொல்லை வீட்டில் ஒருவர் நோயுற்ற பிறகு மீண்டும் தேடிப் படிக்க நேர்ந்த குடும்பங்களின் கடிதங்கள் அவை. ஆகவே இந்த இதழ் முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் அப்பாவுக்கு வயது 58. எட்டு மாதங்களாக வலது கை சூம்பிக்கொண்டே வருகிறது. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. மோட்டார் நியூரான் நோய் என்று சொல்லி ரைலுசோல் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இந்த நோய்க்குக் காரணம் மைட்டோகாண்ட்ரியா பழுதுதான், அதைச் சரிசெய்ய மருந்து இருக்கிறது என்று சித்தப்பா வீட்டு அண்ணன் சொல்லி, இரண்டு மாத்திரை அட்டைகளும் ஒரு பொடி டப்பாவும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். படம் இணைத்திருக்கிறேன். கொடுக்கலாமா? (வாசகி, திருவாரூர் மாவட்டம்)

பதில்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓர் அட்டை கோ-என்சைம் க்யூ10, மற்றொன்று பல வைட்டமின்கள் கலந்தது, டப்பாவில் இருப்பது கிரியேட்டின் பொடி. மூன்றில் எதையுமே கொடுக்க வேண்டியதில்லை. ரைலுசோலை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம். ஆனால் உங்கள் அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் பல குடும்பங்களின் சேமிப்பைக் கரைத்துக்கொண்டிருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மூளையிலிருந்து வரும் கட்டளையைத் தண்டுவடத்தில் வாங்கித் தசைக்கு எடுத்துச் செல்லும் செல்தான் இயக்க நரம்பணு, அதாவது மோட்டார் நியூரான். அதன் உடல், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அந்தச் சிறிய உடலிலிருந்து ஆக்ஸான் என்னும் இழை ஒன்று கிளம்புகிறது. பாதத்தின் தசைக்குப் போகும் இழை, இடுப்புக்குச் சற்று மேலிருந்து புறப்பட்டு ஏறக்குறைய 1 மீட்டர் நீளம் ஓடுகிறது. செல்லுக்கு வேண்டிய ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெரும்பாலும் அந்தச் செல்லுடலில் உருவாகி, இழையின் உள்ளே தண்டவாளம்போல் அமைந்த நுண்குழல்கள் வழியாகத் தசையைத் தொடும் முனைவரை ஊர்ந்து செல்ல வேண்டும். பழுதடைந்தவை அதே வழியில் திரும்பி வர வேண்டும்.

காவிரிக் கரையில் இருக்கும் உங்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் போதிய அளவு இல்லையென்றால் முதலில் காய்வது கடைமடை. இந்த நோயிலும் பல இடங்களில் அதைத்தான் காண்கிறோம்: செல்லுடல் உயிரோடு இருக்கும்போதே தசையைத் தொடும் முனை முதலில் பின்வாங்கிவிடுகிறது. அப்பாவின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை குழிந்திருக்கிறதே, அது அங்கே போக வேண்டிய இழைகள் அறுந்ததன் அடையாளம்.

இயக்க நரம்பணுவுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் அதைத் தூண்டும் ஒவ்வொரு முறையும் கால்சியம் உள்ளே பாய்கிறது. மற்ற பல நரம்பணுக்களில் அந்தக் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் புரதங்கள் நிறைய இருக்கின்றன. இயக்க நரம்பணுக்களில் அவை குறைவு. அந்தச் சுமையும் மைட்டோகாண்ட்ரியாவின் தலையில் விழுகிறது. கண்ணை அசைக்கும் நரம்பணுக்களில் அந்தப் புரதங்கள் தாராளமாக உள்ளன. கையும் காலும் முற்றிலும் செயலிழந்த பிறகும் நோயாளியின் கண்கள் அசைவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அப்பா சாப்பிடும் ரைலுசோல், குளூட்டமேட் வெளிப்படுவதைக் குறைக்கும் மருந்து. அமெரிக்காவில் 1995-இல் ஒப்புதல் பெற்றது. ஆய்வுகளில் அது வாழ்நாளைச் சராசரியாக இரண்டு மூன்று மாதங்கள் நீட்டித்தது. குறைவுதான்; ஆனால் மெய்யாக அளந்து அறிந்த அளவு அது.

ஆற்றல் குறைகிறது என்பது உண்மை. அந்தக் குறையை உங்கள் கையிலுள்ள அட்டைகளும் டப்பாவும் நிரப்பும் என்பதைத்தான் நான் மறுக்கிறேன். ஏன் என்பதை அடுத்தடுத்த பதில்களில் காணலாம்.

கேள்வி: மைட்டோகாண்ட்ரியா பழுது இந்த நோய்க்குக் காரணமா, அல்லது நோயின் விளைவா? (விலங்கியல் ஆசிரியர், நாகர்கோவில்)

பதில்: ஆசிரியருக்கே உரிய கேள்வி. இரண்டு பக்கமும் சான்றுகள் உண்டு.

1993-இல் எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம் பரம்பரையாக வரும் மோட்டார் நியூரான் நோய்க்குக் காரணமாகலாம் என்று கண்டறிந்தனர். மறு ஆண்டே அந்த மாற்றத்தைச் சுமக்கும் சுண்டெலிகளை உருவாக்கினர். அவற்றின் இயக்க நரம்பணுக்களை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, நோய் தொடங்கும் கட்டத்திலேயே மைட்டோகாண்ட்ரியா வீங்கிக் குமிழ்களாகியிருந்தன. நரம்பணுக்கள் பெருமளவில் மடிவது அதற்குப் பிறகுதான். முந்தியது மைட்டோகாண்ட்ரியா என்பதற்கு அது வலுவான சான்று. 2014-இல் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே இருக்கும் சி.எச்.சி.எச்.டி.10 என்ற புரதத்தின் மரபணுவில் ஏற்படும் மாற்றமும் இந்த நோயோடு தொடர்புடையது என்று தெரியவந்தது. அரிதானது என்றாலும், மைட்டோகாண்ட்ரியாவின் பழுதிலிருந்தே நோய் தொடங்க முடியும் என்பதை அது காட்டியது.

மறுபக்கம், நோயாளிகளில் ஏறத்தாழ 97 விழுக்காட்டினரின் நரம்பணுக்களில் டி.டி.பி.-43 என்ற புரதம் தான் இருக்க வேண்டிய உட்கருவை விட்டு வெளியேறிக் கட்டிதட்டிக் கிடக்கிறது. இதை 2006-இல் கண்டறிந்தனர். இடம் மாறிய அந்தப் புரதம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்து, அங்கிருக்கும் டி.என்.ஏ.வை வெளியே கசியவிட்டு, கிருமி புகுந்துவிட்டதாக எண்ணிச் செல் அழற்சியைத் தூண்டும்படி செய்கிறது என்று 2020-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இங்கே மைட்டோகாண்ட்ரியா பழுது, இன்னொரு பழுதின் விளைவு.

நம் அண்டையிலும் இதற்கு உழைத்திருக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நரம்பியல் நிறுவன ஆய்வாளர்கள், பரம்பரைத் தொடர்பில்லாத நோயாளிகளின் மூளைத் தண்டுவடத் திரவத்தை, ஆய்வகத்தில் வளர்த்த இயக்க நரம்பணு போன்ற செல்களின் மேல் இட்டபோது அச்செல்களின் மைட்டோகாண்ட்ரியா சீர்குலைந்ததை 2016-இல் வெளியிட்டனர். 2021-இல் எடின்பரோவில், சி9ஓஆர்எஃப்72 மரபணு மாற்றமுள்ள நோயாளிகளின் செல்களிலிருந்து வளர்த்த நரம்பணுக்களில் ஆக்ஸான்கள் நீளம் குறைந்திருப்பதையும், மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கினால் அந்த ஆக்ஸான்கள் தேறுவதையும் கண்டனர்.

ஆக, சில குடும்பங்களில் அது காரணம். பெரும்பாலானோரில் வேறொரு பழுதால் தொடங்கிப் பிறகு தானே நோயை விரைவுபடுத்தும் நடுக்கண்ணி. வகுப்பில் சொல்லும்போது இந்த இரண்டையும் பிரித்தே சொல்லுங்கள் ஐயா. சிகிச்சையைப் பற்றிய குழப்பம் எல்லாம் இவற்றை ஒன்றாக எண்ணுவதிலிருந்துதான் கிளம்புகிறது.

கேள்வி: மைட்டோகாண்ட்ரியாவைக் குறிவைத்து இதுவரை வந்த மருந்துகள் எல்லாம் ஏன் தோற்றன? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தோல்விகளின் கதையைச் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான நோயாளிகள், தங்களுக்குப் பயன்படாவிட்டாலும் பின்னால் வருவோருக்குப் பயன்படட்டும் என்று தம் மாதங்களைக் கொடுத்திருக்கிறார்கள்.

கிரியேட்டின், தசைக்கும் நரம்புக்கும் ஆற்றலைச் சேமித்து வைக்க உதவும் பொருள். எஸ்.ஓ.டி.1 சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது அவை கூடுதல் நாள் வாழ்ந்தன. மனிதரில் 2003, 2004, 2008 ஆகிய ஆண்டுகளில் வெளியான மூன்று ஆய்வுகளிலும் அது மருந்தில்லா மாத்திரையைவிடச் சிறப்பாக எதுவும் செய்யவில்லை. கோ-என்சைம் க்யூ10, மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் மின்னணுக்களைக் கைமாற்றும் பொருள். 185 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில் நாளொன்றுக்கு 2700 மில்லிகிராம் வரை கொடுத்தார்கள். கடைகளில் விற்கும் மாத்திரைகளில் பொதுவாக 100 அல்லது 200 மில்லிகிராம்தான் இருக்கும். அத்தனை பெரிய அளவிலும், மேற்கொண்டு பெரிய ஆய்வு நடத்தத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை. என் பணியின் தொடக்க ஆண்டுகளில் நானும் இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறேன். எதையாவது கொடுக்க வேண்டும் என்ற தவிப்பில் எழுதியது. அந்தச் செலவைத் தாங்கமுடியாத குடும்பங்கள் சிலவற்றின் முகம் இன்றும் நினைவில் இருக்கிறது.

மினோசைக்ளின் என்ற பழைய கிருமிக்கொல்லி, சாகும் தறுவாயிலுள்ள மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசிவதைத் தடுக்கும் என்று எலிகளில் கண்டிருந்தனர். 412 பேரிடம் சோதித்து 2007-இல் வெளியிட்டபோது, மருந்து எடுத்துக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட 25 விழுக்காடு விரைவாக நலிந்தது தெரிந்தது. இந்த ஒரு முடிவை ஒவ்வொரு குடும்பமும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 'பலன் இல்லாவிட்டால் போகிறது, கெடுதல் இராதே' என்று சொல்லி நம் கையில் கொடுக்கும் எந்த மருந்தைப் பற்றியும் அப்படி முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது.

ஒலெசாக்சிம், மைட்டோகாண்ட்ரியாவின் சவ்விலுள்ள துளை திறப்பதைத் தடுப்பதற்கென்றே உருவாக்கியது. ஐரோப்பாவில் 512 பேர், 18 மாதங்கள், பலன் இல்லை. டெக்ஸ்பிராமிபெக்ஸோலின் கதை இன்னும் வேதனையானது. பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிராமிபெக்ஸோல் மூலக்கூறின் கண்ணாடிப் பிம்பம் அது. 102 பேரிடம் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வு நம்பிக்கை அளித்தது. அடுத்து 940-க்கும் மேற்பட்டோரிடம் பெரிய ஆய்வு நடத்தி, 2013 ஜனவரியில் முடிவை அறிவித்தனர். இரண்டு குழுக்களுக்கும் வேறுபாடே இல்லை. அன்று என்னிடம் சிகிச்சையில் இருந்த ஒருவர் அந்தச் செய்தியை அச்செடுத்து மடித்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அவரால் அப்போது பேச இயலாது.

ஏன் தோற்றன? சுண்டெலிக்குப் பல ஆய்வுகளில் நோய் வெளிப்படும் முன்பே மருந்தைத் தொடங்குகிறார்கள்; மனிதருக்கு முதல் அறிகுறி தோன்றி, நோய் இன்னதென்று உறுதியாவதற்கே ஏறத்தாழ ஓராண்டு ஆகிவிடுகிறது. அந்த எலியின் நோயும் பெரும்பாலான மனிதர்களின் நோயும் ஒன்றல்ல: எஸ்.ஓ.டி.1 மாற்றம் மொத்த நோயாளிகளில் 2 விழுக்காடு அளவினருக்கே இருக்கிறது, அவர்களிடம் டி.டி.பி.-43 கட்டிகள் பொதுவாகக் காணப்படுவதில்லை. மேலும் மைட்டோகாண்ட்ரியா ஒரே வகையில் பழுதாவதில்லை. ஆற்றல் உற்பத்தி, கால்சியம் பிடிப்பு, இழைவழிப் பயணம், பழுதானவற்றை அகற்றுதல் ஆகிய அனைத்தும் ஒருசேரக் கெடும்போது ஒரு துளையை மட்டும் அடைத்தால் போதவில்லை.

இவற்றையெல்லாம்விட முக்கியமானதாக எனக்குப் படுவது வேறு. நான் மேலே சொன்ன ஆய்வுகளில் எதிலுமே, மருந்து தண்டுவடத்து நரம்பணுவைச் சென்றடைந்ததா, அங்கே மைட்டோகாண்ட்ரியாவைச் சீராக்கியதா என்று உயிரோடு இருக்கும் நோயாளியிடம் அளந்து பார்க்க நம்பகமான வழி இருக்கவில்லை. பேச்சு, விழுங்குதல், எழுதுதல், நடை, மூச்சு உள்ளிட்ட 12 செயல்களுக்கு 48 புள்ளிகள் கொண்ட அளவுகோலும், எத்தனை நாள் வாழ்ந்தார் என்ற கணக்கும்தான் இருந்தன. ஆகவே தோற்றது மைட்டோகாண்ட்ரியா என்ற இலக்கா, இலக்கை அடையாத மருந்தா என்பதே தெளிவாகவில்லை. இலக்கைக் கைவிட நான் சொல்லமாட்டேன். அளக்க வழி இல்லாமல் அடுத்த மருந்துக்கு ஓடுவதைத்தான் கைவிட வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவில் 'ரெலிவ்ரியோ' என்ற மருந்து மைட்டோகாண்ட்ரியாவைக் காக்கிறதாமே. அங்கிருக்கும் மகன் அனுப்பிவைப்பதாகச் சொல்கிறான். (வாசகர், மதுரை)

பதில்: மகனுக்குச் சொல்லுங்கள், அந்த மருந்து இப்போது அங்கேயே விற்பனையில் இல்லை. சோடியம் ஃபீனைல்பியூட்டிரேட், டாரர்சோடையால் ஆகிய இரண்டும் சேர்ந்தது அது. இரண்டாவது பொருள் மைட்டோகாண்ட்ரியா வழியாக வரும் செல் சாவைத் தடுக்கும் என்பது எதிர்பார்ப்பு. 137 பேரிடம் நடந்த ஆய்வின் அடிப்படையில் 2022 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது. 664 பேரிடம் 48 வாரங்கள் நடந்த பெரிய ஆய்வு 2024 மார்ச்சில் பலனில்லை என்று காட்டியதும், மறு மாதமே நிறுவனம் தானாக முன்வந்து மருந்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெரிய ஆய்வு தோற்றால் திரும்பப் பெறுவோம் என்று முன்பே சொன்ன சொல்லைக் காத்த செயல் அது. இரண்டாவது பொருளுக்கு நெருங்கிய உறவான உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் நம் ஊரில் கல்லீரல் மாத்திரையாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம்.

கேள்வி: என் தங்கைக்கு வயது 19. இரண்டு ஆண்டுகளாகக் காது மந்தம், பேச்சுக் குழறல், கைகளில் சூம்பல். 'மெட்ராஸ் வகை மோட்டார் நியூரான் நோய்' என்று எழுதியிருக்கிறார்கள். இதற்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் தொடர்பு உண்டா? (வாசகி, சித்தூர்)

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் முதலில் எடுத்துவைத்தேன். சென்னையில் மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் 1970-இல் விவரித்த நோய் இது. இள வயதில் தொடங்குவது, காது கேளாமை, முகமும் நாக்கும் பலமிழப்பது, கைகால் சூம்பல், மெதுவாக முன்னேறுவது ஆகியவை இதன் அடையாளங்கள். தென்னிந்தியாவில்தான் மிகுதியாகக் காணப்படுகிறது. மெதுவாக முன்னேறும் என்பதை நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். 60 வயதில் வரும் நோயின் கணக்கைத் தங்கையின் மேல் போடாதீர்கள்.

இதே முகத்தோடு இன்னொரு நோய் உண்டு. பிரௌன்–வயலெட்டோ–வான் லேரே என்ற பெயருடையது. அதிலும் காது கேளாமை, பேச்சுக் குழறல், சூம்பல், மூச்சுத் திணறல் எல்லாம் வரும். அதன் காரணம், ரைபோஃபிளேவின் என்னும் பி2 வைட்டமினைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் புரதங்களின் மரபணுக் குறை என்று 2010 முதல் தெரியவந்தது. அந்த வைட்டமின் இல்லாமல் மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் சங்கிலி ஓடாது. இந்த நோயாளிகளுக்கு மிகப் பெரிய அளவில் ரைபோஃபிளேவின் கொடுத்தபோது பலருக்குத் தசைப் பலமும் மூச்சும் தேறின; சிறு வயதிலேயே தொடங்கியவர்களுக்கு உயிரே காப்பாற்றப்பட்டது.

மைட்டோகாண்ட்ரியாவைக் குறிவைத்த சிகிச்சை ஓர் இயக்க நரம்பணு நோயில் தெளிவாக வென்ற இடம் இதுதான். இங்கே வென்றதும் மற்ற இடங்களில் தோற்றதும் ஏன் என்பதைப் பாருங்கள்: இங்கே ஆற்றல் குறைவுக்கு ஆணிவேர் எது என்று தெரியும், தடைபட்ட பொருள் எது என்று தெரியும், தடையைத் தாண்டும் அளவுக்கு அதையே கொடுத்தார்கள். கோ-என்சைம் க்யூ10 கொடுத்தபோது அது குறைவாக இருக்கிறது என்று யாரும் நிறுவியிருக்கவில்லை.

மெட்ராஸ் வகை நோயாளிகளுக்கும் இந்த மரபணுக் குறை இருக்குமோ என்று பெங்களூரு, லண்டன் ஆய்வாளர்கள் சோதித்து, இரண்டும் வேறு வேறு நோய்கள் என்று 2013-இல் எழுதினார்கள். ஆனால் ஒருவரை நேரில் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. ஆகவே எஸ்.எல்.சி.52.ஏ.2, எஸ்.எல்.சி.52.ஏ.3 ஆகிய இரண்டு மரபணுக்களையும் சோதித்தாயிற்றா என்று தங்கையின் நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள். முடிவு வரும்வரை காத்திராமல் ரைபோஃபிளேவின் தொடங்கலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். ஐயம் இருந்தால் அப்படித் தொடங்குவது வழக்கம்தான். கடையில் கிடைக்கும் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையின் அளவு இதற்குப் போதவே போதாது.

கேள்வி: மெத்தில்கோபாலமின் ஊசி ஜப்பானில் இந்த நோய்க்கு ஒப்புதல் பெற்றுவிட்டதாகப் படித்தேன். அது நம் ஊரில் எல்லாருக்கும் கொடுக்கும் நரம்பு மாத்திரைதானே? (வாசகர், சேலம்)

பதில்: பொருள் ஒன்றுதான், அளவு வேறு. நம் மருந்துக்கடை மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் 1500 மைக்ரோகிராம், அதாவது ஒன்றரை மில்லிகிராம். ஜப்பானிய ஆய்வில் வாரம் இருமுறை தசையில் போட்டது 50 மில்லிகிராம். நோய் தொடங்கி ஓராண்டுக்குள் இருந்த 130 பேரிடம் 16 வாரங்கள் நடத்தி 2022-இல் வெளியிட்டார்கள். 48 புள்ளி அளவுகோலில் ஊசி போட்டவர்கள் 2.66 புள்ளியும் மற்றவர்கள் 4.63 புள்ளியும் இழந்தனர். 2024-இல் ஜப்பான் ஒப்புதல் அளித்தது. சிறிய, குறுகிய கால ஆய்வு என்றாலும் ஒழுங்காக நடந்தது. நோய் புதிதாகத் தொடங்கியிருந்தால் உங்கள் மருத்துவரிடம் பேசத்தக்கதே. மாத்திரையை இரட்டிப்பாக்கி அதே பலனை எதிர்பார்ப்பதில் பொருள் இல்லை.

கேள்வி: மருந்து இல்லை என்றால் நாங்கள் என்னதான் செய்வது? அம்மாவுக்கு நல்லது என்று எண்ணி எண்ணெய், நெய் எல்லாம் நிறுத்திவிட்டோம். இரவில் கஞ்சி மட்டும் கொடுக்கிறோம். மூன்று மாதத்தில் 6 கிலோ குறைந்துவிட்டார். (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: இன்றிரவே நெய்யைத் திரும்பக் கொடுங்கள். கோபமாகச் சொல்லவில்லை, அன்பினால் செய்ததை அறிவேன். ஆனால் ஆற்றல் பற்றாக்குறை என்று இத்தனை நேரம் பேசிவந்ததெல்லாம் உங்கள் வீட்டுத் தட்டில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்த நோயுள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, அசையாமல் படுத்திருக்கும்போதுகூட உடல் வழக்கத்தைவிட அதிக ஆற்றலை எரிக்கிறது. கூடவே விழுங்கச் சிரமம், ஒரு கவளத்தை மெல்லவே களைப்பு. எடை குறையக் குறைய நோயும் விரைகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. குழைய வடித்த சோறு, கெட்டிப் பருப்பு, தேங்காய்ப்பால், நெய், மசித்த வாழைப்பழம், நன்றாக வெந்த முட்டை என்று சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள். முதலில் புரையேறுவது இரசம், தேநீர், தண்ணீர் போன்ற நீர்த்த பொருள்கள்தாம். அவற்றைச் சற்றுக் கெட்டியாக்கிக் கொடுங்கள். தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தி விழுங்கப் பழக்குங்கள். ஒரு வேளை உணவு முடிய முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறதென்றால், வயிற்றில் நேரடியாக உணவுக் குழாய் வைப்பதைப் பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது. மூச்சுத் திறன் பாதிக்குக் கீழே இறங்கும் முன்பே வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

மூச்சைப் பற்றியும் கேளுங்கள். காலையில் தலைவலி, இரவில் அடிக்கடி விழிப்பு, மல்லாந்து படுக்க முடியாமை ஆகியவை இருந்தால் இரவில் முகமூடி வழியே காற்றுத் தரும் பைபாப் கருவி வேண்டும். 2006-இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வில், விழுங்கும் தசைகள் மிகவும் கெடாதவர்களுக்கு இந்தக் கருவி வாழ்நாளை 205 நாள்கள் நீட்டித்தது. ரைலுசோலின் இரண்டு மூன்று மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அம்மாவுக்காக ஒதுக்கியிருக்கும் பணத்தை எங்கே செலவிடுவது என்று கேட்டால், என் விடை இந்தக் கருவியும் உணவும்தான்.

கேள்வி: என் கணவருக்கு 66 வயது, மோட்டார் நியூரான் நோய். சிறுநீர் அடைப்புக்காக டெராசோசின் மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறார். அதே மாத்திரை இந்த நோய்க்கும் நல்லது என்று படித்தோம். அளவைக் கூட்டலாமா? (வாசகி, சென்னை)

பதில்: நீங்கள் படித்தது உண்மையான ஆய்வுதான். குளுக்கோஸிலிருந்து ஆற்றல் எடுக்கும் பாதையில் பி.ஜி.கே.1 என்ற நொதி இருக்கிறது. டெராசோசின் அந்த நொதியைத் தூண்டுகிறது. எடின்பரோ, ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில் வரிக்குதிரை மீன்களிலும் சுண்டெலிகளிலும் ஆய்வகத்தில் வளர்த்த நரம்பணுக்களிலும் அது இயக்க நரம்பணுக்களைக் காத்தது. எலியில் வென்று மனிதரில் தோற்ற மருந்துகளின் வரிசையை மேலே படித்திருப்பீர்கள். இதுவும் மனிதரில் முறையாக நிறுவப்பட வேண்டும்.

அளக்கும் வழி மெல்லத் திறந்துவருகிறது என்பது எனக்கு ஆறுதல். எஸ்.ஓ.டி.1 மாற்றமுள்ளவர்களுக்காக 2023 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டோஃபெர்சென் என்ற தண்டுவட ஊசியின் ஆய்வில், 28 வாரங்களில் 48 புள்ளி அளவுகோல் தெளிவான வேறுபாட்டைக் காட்டவில்லை. ஆனால் நரம்பிழை சிதையும்போது இரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் மருந்து பெற்றவர்களுக்குத் தெளிவாகக் குறைந்திருந்தது. ஓராண்டு முடிவில், முன்னதாகத் தொடங்கியவர்களின் நிலை மேலாக இருந்தது. இனி வரும் ஆற்றல் மருந்துகளையும் இப்படி அளந்து பார்க்கலாம்.

உங்கள் கணவரின் மாத்திரைக்கு வருகிறேன். அளவைக் கூட்ட வேண்டாம். டெராசோசின் இரத்த அழுத்தத்தை இறக்கும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். கால் பலமுள்ளவர் சுவரைப் பிடித்துச் சமாளித்துக்கொள்வார். உங்கள் கணவர் கை நீட்டித் தாங்கிக்கொள்ளவும் முடியாமல் விழுவார். சிறுநீருக்காக எழுதிய அளவையே படுக்கப் போகும்போது கொடுங்கள். இரவில் எழ வேண்டியிருந்தால் கட்டிலின் விளிம்பில் இரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்து, நீங்கள் பக்கத்தில் வந்து நின்ற பிறகு எழுப்புங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தத்தைத் தனித்தனியே பார்த்துக் குறித்துத் தரச் சொல்லுங்கள்.